மூன்றாவது காவடி

ஆடி பிறந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் முகம் மலரும். எனக்குப் பயம் பிறக்கும். திருத்தணியிலேயே பிறந்து, மலையடிவாரத்துக் கடைத்தெருவில் கோலி சோடாக் கடை வைத்துப் பிழைத்தவன் இப்படிச் சொல்லலாமா என்று அந்தக் காலத்திலேயே பலர் என்னைக் கோபித்துக்கொண்டதுண்டு. கோபித்துக்கொள்ளட்டும். ஆடிக் கிருத்திகை என்றால் அவர்களுக்குப் புஷ்பக் காவடி, மேளம், தெப்பம். எனக்கோ வாந்திபேதி, நெரிசல், வெயிலில் வெடிக்கிற சோடாப் புட்டி, பாசிப் படியில் வழுக்கி விழுகிறவர்கள். இத்தனைக்கும் மேலே என் அக்கா.

மூன்றாம் பாரத்தில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜனங்கள் ஏன் இப்படித் திருவிழாவுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று என் கடைக்கு சோடா குடிக்க வரும் வாத்தியார் ஒருவர் அழகாக விளக்குவார். பக்தி என்பார், ஒற்றுமை என்பார், மனசுக்கு ஓர் ஆறுதல் என்பார். இருக்கலாம். ஆனால் கடைக்குள் உட்கார்ந்து வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது வேறு. மொட்டை போட்டுக்கொண்டு அழுகிற குழந்தை வேண்டிக்கொண்டதா? இல்லை. மூச்சு வாங்க மலையேறுகிற மாப்பிள்ளை வேண்டிக்கொண்டாரா? மாமியார் வேண்டிக்கொண்டார். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு யாரோ சாமியிடம் கொடுத்த வாக்கைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள்தான். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

அக்காவைக் கனகம்மாசத்திரத்தில் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ்தானே. பாவா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலைக்குப் போயிருந்தார். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று சேதி வந்தது. அதற்கப்புறம் எந்தச் சேதியும் இல்லை. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்றும், வழியிலேயே மடிகிறார்கள் என்றும் ரயிலடியில் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்டுவிட்டு வந்து மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அக்கா அப்படிக் கிடக்கவில்லை. நேரே என் கடைக்கு வந்தாள். கடை வாசலிலிருந்து மலை தெரியும். மலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என் ஊட்டுக்காரரு உசுரோட ஊடு வந்து சேந்தா, என் தம்பி உனக்கு மூணு வருஷம் காவடி எடுப்பான்."

தம்பியாகிய நான் அவள் பின்னால்தான் கையில் புட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயே எடுப்பதாக வேண்டிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை.

"நான் எடுத்தா அதுல இன்னா கீது? நீ எலி ஓடுனாலே ஒதறுறவன். அந்தக் கூட்டத்துல நீ காவடி எடுத்தாத்தான் சாமிக்கே அது பெருசாத் தெரியும்."

பாவா வந்தார். ஒரு நாள் மத்தியானம், பெட்ரோல் இல்லாத காலத்துக் கரி பஸ்ஸிலிருந்து, யாரோ போலக் காக்கிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கோட்டில் சர்க்கார் கிரீட முத்திரை போட்ட ஒரே ஒரு பித்தளைப் பித்தான் மிச்சம். ஆள் பாதியாகியிருந்தார். விட்டு விட்டு வருகிற குளிர்ஜுரமும் கூடவே வந்திருந்தது. வழியில் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் "நடந்தோம்" என்பார். அதோடு சரி.

ஆக, நான் மாட்டினேன். முதல் வருஷம் காலரா ஊசி போட்ட கை வீங்கி, அந்தத் தோளில் காவடித் தண்டை வைக்க முடியாமல் மறு தோளிலேயே சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருஷம் மழை. படியில் வழுக்கி முட்டி பெயர்ந்தது. காவடி மட்டும் கீழே படவில்லை என்று அக்காவுக்குப் பெருமை. முட்டியை யாரும் கேட்கவில்லை. சரி, இன்னும் ஒன்றுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சண்டை முடியப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் மூன்றாவது வந்தது. அதோடு என் சண்டையும் முடியும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வருஷம் ஆனியிலேயே பாவாவுக்கு ஜுரம் கடுமையாகத் திரும்பியது. கொயினா மாத்திரை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அக்கா பயந்துபோனாள். பயந்தால் நான் படுத்துக்கொள்வேன். அவள் நிபந்தனையைக் கூட்டுவாள். மூன்றாவது காவடியில் ஒரு குறையும் வரக்கூடாது, வந்தால் அவருடைய உயிருக்கு ஆகாது என்று அவளுக்குள் ஊன்றிப்போயிற்று. அதனால் புதிதாக இரண்டு சேர்த்தாள். ஒன்று, சரவணப் பொய்கையில் குளித்து எழுந்ததிலிருந்து சன்னதி போய்ச் சேரும் வரை நான் வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது, பாவாவின் கோட்டுப் பித்தானை அறுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, காவடித் தண்டில் கட்ட வேண்டும். மேலே போனதும் குருக்கள் கையால் முடிச்சை அவிழ்த்துச் சாமி காலடியில் வைக்க வேண்டும். இப்படி வேண்டுதல் பொருளை முடிந்து கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். பித்தானை முடிந்தவள் அநேகமாக இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த இடத்தில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது துணிக்கு கன்ட்ரோல். திருத்தணி, பள்ளிப்பட்டு, சத்திரம் எங்கே போனாலும் ஒரே மாதிரி முரட்டுத் துணிதான் கொடுத்தார்கள். அதையே மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டுதான் அந்த வருஷம் எல்லோரும் விரதம் இருந்தார்கள். அதிலேயே கிழித்துத்தான் முடிச்சும் போட்டார்கள். காவடிகளும் கடைத்தெருவில் ஒரே கடையில் கட்டினவை. அதே மூங்கில், அதே சாமந்தி, அதே அரளி. அக்காவிடம் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டலாம் என்று சொன்னேன். காவடியைப் பார்த்தால் தெரியாதா, உனக்கு எல்லாவற்றிலும் ஒரு பயம் என்று அடக்கிவிட்டாள்.

பொய்கையில் தண்ணீர் தெரியாத கூட்டம். காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் கரையில் நீள மூங்கில் ஒன்றைக் குறுக்கே கட்டிவைத்திருந்தார்கள். குளிக்கப் போகிறவர்கள் அதில் சாய்த்துவிட்டுப் போவார்கள். நானும் சாய்த்தேன். எந்த இடத்தில் சாய்த்தேன் என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொண்டே மூழ்கினேன். எழுந்து வந்து பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் புதிதாக வந்த காவடிகளுக்கு இடம் பண்ணுவதற்காக எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளியிருந்தான். "சீக்கிரம் தூக்குடா, ராகுகாலம் வருது" என்று அக்கா பின்னாலிருந்து விரட்டினாள். தூக்கினேன். மேளம் அடித்தது. அரோகரா என்று கூட்டம் கத்தியது. நடந்தோம்.

படி ஏறத் தொடங்கியதுமே ஏதோ ஒன்று காதோரம் இடித்தது. பார்த்தால் முடிச்சு. எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பித்தான் எங்கேயாவது இப்படி இடிக்குமா? இது எங்கள் காவடிதானா? வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால் அக்காவுக்கு ஜாடை காட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துச் செம்பை என் வாயில் கவிழ்த்தாள். முடிச்சைப் பார் என்று தலையை ஆட்டினேன். அருள் வந்துவிட்டது என்று விபூதியை அள்ளி நெற்றியில் அப்பினாள். பக்கத்தில் வந்தவர்கள் இன்னும் பலமாக அரோகரா போட்டார்கள். "ம்ம், ம்ம்" என்றேன். அக்கா என் வாயில் ஒன்று போட்டாள், பேசாதே என்று.

அதற்கப்புறம் என்ன செய்ய? எனக்குத்தான் எப்போதும் எதிலும் சந்தேகம் வருமே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் வீணாகப் பயந்தவனுக்கு ஒரே ஒரு தடவை நியாயமாகப் பயப்படக் காரணம் கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து வாயைக் கட்டியிருந்தார்கள். பாவா பின்னால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்.

மேலே குருக்கள் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மண். காய்ந்த களிமண் உருண்டை ஒன்று.

அக்கா எட்டி அந்த மண்ணைப் பார்த்தாள்.  புருஷனுடைய பித்தானைக் கட்டி அனுப்பினால் மண்ணாகத் திரும்பி வருகிறது. அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அதே நினைப்பு எனக்கு முன்னாலேயே ஓடிவிட்டது. குருக்களுக்குப் பின்னால் ஆயிரம் காவடி காத்திருந்தது. "எதுவா இருந்தா என்ன, சுவாமிக்கு எல்லாம் ஒண்ணுதான், நகருங்கோ" என்றார். அக்கா அந்த மண்ணை எடுத்துக்கொண்டு கொடிமரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த பாவா, என்ன என்று கேட்டார். அவள் கையை மூடிக்கொண்டாள்.

நம் காவடி யாரிடமோ இருக்கிறது, தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அத்தனை நேரம் கட்டிவைத்த வாய் திறந்துவிட்டது. ஆனால் மேளத்தில் யார் காதிலும் விழவில்லை. ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக இறங்கினேன். திட்டாதவர்கள் இல்லை. "பித்தான் யார்கிட்டயாவது வந்துதா, பித்தான்?" என்று மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கேட்கிறவனை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, வேட்டிக்கு எதற்கப்பா பித்தான் என்றார்.

பாதி வழி மண்டபத்தில் ஒரு புருஷன் பெஞ்சாதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கனத்த உடம்புக்காரர் காவடியைத் தூணில் சாய்த்துவிட்டு நிற்க, அந்த அம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் எங்கள் பித்தான்.

அவர்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பயிர் வைக்கிறவர்கள். புதிதாக வெட்டின கிணற்றில் பாறை வந்துவிட்டதாம். தண்ணீர் காட்டு சாமி என்று வேண்டிக்கொண்டு காவடி எடுத்து, கிணற்றின் அடி மண்ணை உருட்டி முடிந்து கொண்டுவந்திருக்கிறார்கள். வழியில் முடிச்சு இளைத்துப்போனதைப் பார்த்து அந்த அம்மாள் அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். மண் இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கார் பித்தான். சண்டைக்கென்று அங்கங்கே நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு இருந்த காலம் அது.

"நெலத்த சர்க்காரு எடுத்துக்கப் போறான்னு சாமி சொல்லிட்டாரு. கெணத்தோட போச்சு" என்று என்னைப் பார்த்தே அழுதாள், நான் யார் என்று தெரியாமலே.

அம்மா, அது எங்கள் பாவாவுடைய பித்தான், உங்கள் மண் மேலே என் அக்கா கையில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்கிறதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. என் கடையில் இருந்த அத்தனை சோடாவும் அப்போது தேவைப்பட்டிருக்கும்.

அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போனேன். பொருளைக் கைமாற்றிக்கொண்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு உலகம் தெரியவில்லை. இரண்டு பெண்களும் யார் முதலில் தப்பான காவடியைத் தூக்கியது என்று ஆரம்பித்தார்கள். அக்கா என்னைக் காட்டினாள், அந்த அம்மாள் தன் புருஷனைக் காட்டினாள். இவர்கள் சுமந்தது அவர்களுக்குச் சேருமா, அவர்கள் சுமந்தது இவர்களுக்குச் சேருமா, அல்லது யாருக்குமே சேராமல் போய்விட்டதா? பொய்கைக்குப் போய்த் திரும்ப ஏறலாம் என்றாள் அந்த அம்மாள். அவள் புருஷனான பெரியவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். கடைசியில் அக்கா முடிவு சொன்னாள். இந்த மூன்றாவது செல்லாது. ஒன்று கெட்டால் முன்னது இரண்டும் கெட்டதுதான். அடுத்த வருஷத்திலிருந்து தம்பி மறுபடியும் மூன்று எடுப்பான்.

வீங்கின கையும் பெயர்ந்த முட்டியும் எனக்கு ஞாபகம் வந்தன. கொடிமரத்தடியில் உட்கார்ந்தேன். என்னால் முடியாது, நான் எடுக்க மாட்டேன் என்றேன். அக்காவிடம் அதற்கு முன்னால் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப அவரு செத்தா உனக்குப் பரவால்ல?" என்றாள்.

அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.  பாவா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாளின் கையில் இருந்த பித்தானை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னுது இல்ல" என்றார்.

அக்கா திடுக்கிட்டாள். கோட்டிலிருந்து நானே அறுத்தேனே என்றாள்.

"கோட்டே என்னுது இல்ல. வழியில ஜொரம் வந்து உக்காந்துட்டேன். கூட வந்தவங்கல்லாம் பூட்டாங்க. பின்னால வந்தவன் ஒருத்தன், அவன் கோட்டக் கழட்டி எனுக்குப் போட்டு, என் மூட்டைய அவன் தலையில வெச்சிக்கினான். என்னால முடிஞ்சப்போ அவனுத நான் தூக்கிக்கினு வந்தேன். உள்ள இன்னா இருக்குதுன்னு நானும் கேக்கல, அவனும் கேக்கல."

"அந்த ஆளு?" என்று கேட்டாள் அக்கா.

"ஆத்தத் தாண்டறப்போ கூட்டத்துல பிரிஞ்சிட்டோம். அவன் மூட்ட என்னாண்ட, என் மூட்ட அவனாண்ட. நான் ஊடு வந்து சேந்தேன் இல்ல?"

மூன்று வருஷத்தில் அவர் அந்த வழியைப் பற்றி அவ்வளவு பேசியதை நாங்கள் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அந்த மூட்டையில் என்ன இருந்தது, அது என்ன ஆயிற்று என்று எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

 அக்கா மூடின கையை விரித்தாள். வேர்வையில் மண் கொஞ்சம் கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. பாவாவிடம் பித்தானைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே துணியில் வைத்து முடிந்தாள். திரும்பவும் வரிசையில் நின்று, அதே குருக்களிடம் கொடுத்தாள். அவர் வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். வெளியே வந்து என்னைப் பார்த்து, "சரி. மூணு ஆச்சு" என்றாள்.

எனக்கு அப்படியே படியில் உருண்டு கீழே போய்விடலாம் போல அவ்வளவு லேசாக இருந்தது. விபூதி பூசிக்கொண்டு கிளம்பினோம். அப்போதாவது நான் முன்னால் நடந்து தப்பித்திருக்க வேண்டும். அந்தப் பள்ளிப்பட்டு அம்மாள் திரும்பி நின்றாள். சன்னதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"கெணத்துல தண்ணி வந்தா, இந்தத் தம்பியும் எங்க ஊட்டுக்காரரும் சேந்து அடுத்த வருஷம் காவடி எடுப்பாங்க, சாமி."

நான் அக்காவைப் பார்த்தேன், ஏதாவது சொல்லுவாள் என்று.

"ஆங், எடுப்பான்" என்றாள் அக்கா.

தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பாறைக்குக் கீழே ஊற்று கிடைத்ததாம். பாவாவின் ஜுரம் மட்டும் போயிற்று, வந்தது, போயிற்று. ஆனால் வருகிறபோது அக்கா முன்போல என் கடைக்கு ஓடிவந்து மலையைப் பார்த்துக் கைகூப்புவதில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த ஆடியில் பள்ளிப்பட்டுக் குடும்பம் வேர்க்கடலை மூட்டையோடு என் வீட்டில் வந்து இறங்கியது. பரணிக்கு முதல் நாள் வந்தவர்கள் தெப்பம் முடிகிற வரை இருந்தார்கள். பெரியவர் என்னை பாவா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எந்த வகையில் நான் அவருக்கு பாவா என்று கேட்டால் சிரிப்பார். அவர் குறட்டையில் நான் தூங்கவில்லை. கிருத்திகை அன்று விடியற்காலம் கடையைப் பூட்டிவிட்டு, மடியில் சிவப்புக் கயிறு ஒன்றை முடிந்துகொண்டு பொய்கைக்குப் போனேன். என் காவடியில் நானே அதைக் கட்டினேன். இறுக்கி மூன்று முடிச்சு போட்டேன்.

குளித்து எழுந்து வந்து பார்த்தால், அந்தக் குறுக்கு மூங்கிலில் இருந்த காவடி பாதிக்குச் சிவப்புக் கயிறு. போன வருஷம் எங்கள் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரியவர் தலை துவட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்று, இதில் எது யாருடையது பாவா என்றார்.

பின்னால் அக்கா ராகுகாலத்தைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். எரிச்சலோடுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ஏதோ ஒண்ணு. தூக்குங்க, போவலாம்."